பேத்தஜன் பாக்ஸ்: ஒரு புழு ஆய்வுக்கூடத்திலிருந்து விமர்சனம்

ஐந்து பிளேட், அதாவது சிறு குழிகள் கொண்ட தட்டுகள். ஒவ்வொன்றிலும் 80 மூலக்கூறுகள். ஆக மொத்தம் 400. ஒவ்வொரு குழியிலும் 10 மில்லிமோலார் செறிவில், டிஎம்எஸ்ஓ கரைப்பானில், 10 மைக்ரோலிட்டர். அதிகம் கவனிக்கப்படாத நோய்களுக்கு மருந்து தேடுபவர்கள் சோதித்துப் பார்ப்பதற்கான பேத்தஜன் பாக்ஸ் என்ற பெட்டி இவ்வளவுதான். ஜெனீவாவில் இயங்கும் மெடிசின்ஸ் ஃபார் மலேரியா வென்ச்சர், சுருக்கமாக எம்எம்வி, என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 டிசம்பரில் இதை வெளியிட்டது. ஆராய்ச்சியாளர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. ஒரே நிபந்தனை, கண்டுபிடித்ததைப் பொதுவில் வைக்க வேண்டும்.

நான் வேலை செய்வது யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களில், குறிப்பாக ப்ரூஜியா மலாயியில். சின்னக் குழு எங்களுடையது. ரோபோ கிடையாது, கையால் பிப்பெட் பிடிக்கிற இடம். எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பெட்டி எவ்வளவு உதவும், எந்த இடத்தில் போதாமல் போகும் என்பதை விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். மலேரியாக்காரர்கள் எழுதியவை நிறைய இருக்கின்றன. புழுக்காரர்கள் எழுதியது குறைவு.

முதலில், இப்படி ஒரு பெட்டி ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1975 முதல் 2004 வரை உலகச் சந்தைக்கு வந்த புதிய மருந்துகள் 1,556. அவற்றில் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் சேர்த்து வந்தவை வெறும் 21. ஆப்பிரிக்கத் தூக்க நோய் மூளையைத் தொட்டுவிட்டால் கொடுப்பதற்கு 1949இல் வந்த மெலார்சொப்ரால்தான் பல பத்தாண்டுகள் கையில் இருந்தது. அது ஆர்சனிக் கலந்த மருந்து. ஊசி ஏறும்போது ரத்தக்குழாய் எரியும். அதைப் போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் மருந்தாலேயே இறந்தார்கள். நோயாளிக்குக் கொடுப்பதற்கு அதைவிட நல்லது எதுவும் இல்லாததால் மருத்துவர்கள் அதையே கொடுத்தார்கள்.

புதிய மருந்து ஏன் வரவில்லை என்பதற்குப் பணம் முதல் காரணம். இரண்டாவது காரணம் வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை: தொடங்குவதற்கு மூலக்கூறு கிடைக்காது. பெரிய மருந்து நிறுவனங்களின் கிடங்கில் லட்சக்கணக்கான சேர்மங்கள் இருக்கும். ஜிஎஸ்கே நிறுவனம் சுமார் 20 லட்சம் சேர்மங்களை மலேரியா ஒட்டுண்ணியின் மேல் சோதித்து, வேலை செய்த 13,500க்கும் மேற்பட்டவற்றின் அமைப்பை 2010இல் வெளியிட்டது. பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணியை வளர்த்துக்கொண்டிருக்கிற ஒருவரால் அந்தப் பட்டியலைப் படிக்க முடியும், ஆனால் சோதித்துப் பார்க்க முடியாது. ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்து வாங்க வேண்டும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் எம்எம்வி 2011இல் மலேரியா பாக்ஸ் என்ற முதல் பெட்டியைக் கொண்டுவந்தது. பேத்தஜன் பாக்ஸ் அதன் அடுத்த கட்டம். மலேரியாவோடு நிற்காமல் காசநோய், லீஷ்மேனியா, சாகஸ், தூக்க நோய், நத்தை மூலம் பரவும் சிஸ்டோசோமியாசிஸ், கிரிப்டோஸ்போரிடியம், குடல் புழுக்கள், யானைக்கால் புழு அடங்கிய ஃபைலேரியா வகை என்று பரப்பை விரித்தார்கள்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

உறைந்த நிலையில் வரும். வந்தவுடன் திறந்துவிடாதீர்கள். டிஎம்எஸ்ஓ சுமார் 18 டிகிரியிலேயே உறைந்துவிடும், அதனால் அறை வெப்பத்தில் முழுதாக உருகும்வரை விட வேண்டும். உருகியதும் பிளேட்டை மையவிலக்கியில் ஒரு சுற்று சுற்றுங்கள். மூடியில் ஒட்டியிருக்கும் துளி கீழே இறங்கட்டும். 10 மைக்ரோலிட்டரில் 2 மைக்ரோலிட்டர் மூடியில் போனால் ஐந்தில் ஒரு பங்கு போனதாக அர்த்தம். டிஎம்எஸ்ஓ காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். திறந்து வைத்தால் செறிவு மாறும், சில சேர்மங்கள் படிந்துவிடும். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைப்பதைத் தவிர்க்க முதல் நாளே நகல் பிளேட்டுகள் எடுத்துவிடுவது நல்லது.

அளவு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புழு ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு இதுதான் தலைவலி.

10 மைக்ரோலிட்டரில் 10 மில்லிமோலார் என்றால் கையில் இருப்பது 100 நானோமோல். மலேரியா, லீஷ்மேனியா போன்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளை 96 குழி பிளேட்டில், குழிக்கு 100 மைக்ரோலிட்டரில், 10 மைக்ரோமோலார் செறிவில் சோதித்தால் ஒரு குழிக்கு 1 நானோமோல் போதும். நூறு குழிக்கு வரும். 384 குழி பிளேட்டில் இன்னும் தாராளமாக வரும். முதிர்ந்த ப்ரூஜியா பெண் புழுவை அப்படிச் சோதிக்க முடியாது. பல சென்டிமீட்டர் நீளம் அது. 24 குழி பிளேட்டில், குழிக்கு ஒரு புழுவாக, 1 மில்லிலிட்டர் ஊடகத்தில் வைப்போம். அதே 10 மைக்ரோமோலாருக்கு 10 நானோமோல் ஆகும். பத்துக் குழியோடு கதை முடிந்தது. ஒரு செறிவுக்கு நான்கு புழு என்று வைத்தால்கூட, செறிவைக் கூட்டிக் குறைத்து விளைவைப் பார்க்கும் முழு வரைபடம் போட இது காணாது.

அதனால் புழுக்காரர்கள் இரண்டு படியாகத்தான் போக வேண்டும். மைக்ரோஃபைலேரியா எனப்படும் குஞ்சுகளை 96 குழியில் வைத்து 400ஐயும் ஓட்டுவது ஒரு படி. பெரிய புழுவின் மேல் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் போடுவது அடுத்த படி. நாங்கள் ஒவ்வொரு குழியிலும் 40 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ சேர்த்து 2 மில்லிமோலாராக்கிக்கொண்டோம். அதிலிருந்து அரை மைக்ரோலிட்டரை 100 மைக்ரோலிட்டரில் விட்டால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதம். புழுக்கள் அதைத் தாங்கும். சிலர் 1 மில்லிமோலாராக்குகிறார்கள். பிப்பெட்டுக்கு அது வசதிதான், ஆனால் டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்துக்குப் போய்விடும். அப்போது புழு சோர்ந்து போனது மருந்தாலா கரைப்பானாலா என்ற சந்தேகம் கடைசிவரை தீராது.

இன்னொரு சின்னக் குறை. பிளேட்டில் முதல் நெடுவரிசையும் பன்னிரண்டாவது நெடுவரிசையும் சேர்மம் இல்லாமல் இருக்கின்றன, கட்டுப்பாட்டுக் குழிகளுக்கு அது வசதி. மேலோரமும் கீழோரமும் நிரம்பியிருக்கின்றன. ஒரே நாளில் முடியும் சோதனைக்குப் பரவாயில்லை. புழுச் சோதனை நாள்கணக்கில் ஓடும், ஓரக் குழிகளில் நீர் ஆவியாகிச் செறிவு ஏறிவிடும். நகல் எடுக்கும்போதே இடம் மாற்றி அடுக்கிக்கொண்டால் இந்தப் பிரச்சினை வராது. வேலை கூடுதல், ஆனால் செய்யத்தான் வேண்டும்.

பெட்டியோடு வரும் தரவுக் கோப்பை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அடையாள எண், வேதி அமைப்பு, எந்த ஒட்டுண்ணிக்கு எதிராக ஏற்கெனவே வேலை செய்தது, மனித செல்களுக்கு எவ்வளவு நச்சு என்பதெல்லாம் இருக்கிறது. இந்தத் தகவல் இல்லாமல் வரும் வணிகச் சேர்மத் தொகுப்புகளில் வேலை செய்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அங்கே ஒரு மூலக்கூறு புழுவைக் கொன்றால், அது எல்லாவற்றையும் கொல்லும் விஷமா என்று கண்டுபிடிக்கவே மாதங்கள் போகும். இங்கே அந்தக் கேள்விக்கு முதல் பதில் கோப்பிலேயே கிடைக்கிறது.

400இல் 26 ஏற்கெனவே அறியப்பட்ட மருந்துகள். பிராசிக்வான்டல், மெபென்டசோல், சுராமின், மில்டெஃபோசின் எல்லாம் மற்றவற்றோடு கலந்தே உட்கார்ந்திருக்கின்றன. எந்தக் குழியில் எது என்று பார்க்காமல் சோதனையை ஓட்டுங்கள், அப்புறம் கோப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் சோதனை முறை நம்பத்தக்கதா என்று அந்த 26உம் சொல்லிவிடும். எங்களுக்கு ஆரனோஃபின் அப்படி உதவியது. அது மூட்டுவாதத்துக்கு வந்த தங்கம் கலந்த மருந்து. ப்ரூஜியாவின் முதிர்ந்த புழுக்களை ஆய்வுக்கூடத்தில் கொல்லும் என்று 2015இலேயே ஓர் ஆய்வு வெளிவந்திருந்தது. நம் முறை அதைத் தவறவிட்டால் முறையைத்தான் திருத்த வேண்டும். எதிர்ப்பக்கம் பிராசிக்வான்டல். தட்டைப்புழுவுக்குப் பெயர் போன மருந்து, ஃபைலேரியாவை ஒன்றும் செய்யாது. அதுவும் புழுவைக் கொன்றதாக வந்தால் ஏதோ தப்பு நடக்கிறது.

சரி, எதிர்மறைக்கு வருவோம். 400இல் பாதிக்கு மேல் மலேரியாவுக்கும் காசநோய்க்கும் உரியவை. அடுத்த பெரிய பங்கு லீஷ்மேனியா, சாகஸ், தூக்க நோய் மூன்றுக்கும். புழுக்களுக்கென்று தேர்ந்தெடுத்தவை மிகக் கொஞ்சம். இதைப் பார்த்தவுடன் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. புழு நோய்கள் கோடிக்கணக்கானவர்களுக்கு இருக்கின்றன, பட்டியலில் கடைசியில் நிற்கின்றன. உலகில் வேதியியலாளர்கள் புழுவுக்கு எதிராகச் செய்து வைத்த மூலக்கூறுகளே குறைவு என்பதால் பெட்டியிலும் குறைவு. பெட்டி செய்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இருந்தாலும் எங்களைப் போன்ற எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்கிறேன். ஏனென்றால் நமக்கு வேண்டியது பிற நோய்களுக்கான பகுதியில் இருக்கிறது. இதற்கு நல்ல சாட்சி ஆட்டின் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் ஹீமான்கஸ் புழு. 2016இல் ஓர் ஆய்வுக்குழு இதே பெட்டியை அந்தப் புழுவின் மேல் ஓட்டியபோது சட்டென்று தெரிந்தது டோல்ஃபென்பிராட். பயிர்ப் பூச்சிகளுக்குத் தெளிக்கும் மருந்து அது. செல்லின் ஆற்றல் உற்பத்தியில் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் புரதக் கூட்டமைப்பைத் தடுக்கும். அதே கூட்டமைப்பு நம் உடலிலும் இருப்பதால் அதை அப்படியே மனிதருக்கு மருந்தாக்க முடியாது. அந்த வழியில் புழுவை அடிக்கலாம் என்ற துப்பு கிடைத்தது, அதுவே பெரிது.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் ஃபெனாரிமால் வகை மூலக்கூறுகள். சாகஸ் நோய்க்காக உருவாக்கியவை. அதே இலக்கைத் தாக்கும் போசகொனசோல் என்ற பூஞ்சை மருந்து சாகஸ் நோயாளிகளிடம் தோற்ற செய்தி 2014இல் வந்ததும், சாகஸில் அந்த வழிக்கான நம்பிக்கை வடிந்துவிட்டது. அந்த மூலக்கூறுகள் பெட்டியில் இருந்ததால், பாதத்தை வீங்க வைத்துப் புரையோடச் செய்யும் மைசெட்டோமா பூஞ்சையில் வேலை செய்பவர்கள் அவற்றைச் சோதித்தார்கள். பூஞ்சை கட்டுப்பட்டது. 2018இல் அதைத் தொடர ஒரு திறந்த முயற்சியே தொடங்கியது, ஆய்வுக் குறிப்பேடு உட்பட எல்லாம் பொதுவில். மைசெட்டோமாவுக்காக எந்த நிறுவனமும் அந்த மூலக்கூறுகளை முதலிலிருந்து உருவாக்கியிருக்காது.

ஃபைலேரியாவில் காசநோய்ப் பகுதியைக் கவனிக்கச் சொல்கிறேன். யானைக்கால் புழு, ஆற்றுக் குருட்டுப் புழு இரண்டின் உடலுக்குள்ளும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அது இல்லாமல் புழுவால் இனம் பெருக்க முடியாது, காலப்போக்கில் செத்தும் போகும். டாக்சிசைக்ளின் நான்கு முதல் ஆறு வாரம் தினமும் கொடுத்தால் இது நடக்கும். அவ்வளவு நாள் கொடுப்பது பெருந்திரளுக்கு நடக்காத காரியம், கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கொடுக்கவும் கூடாது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும் வொல்பாக்கியாவை அழிக்கும் என்று ஏற்கெனவே தெரியும். அப்படியிருக்க, பெட்டியிலிருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட காசநோய் மூலக்கூறுகள் எங்களுக்குப் புதையல். ஆனால் புழு அசைகிறதா என்று சில நாள் பார்க்கிற சாதாரணச் சோதனையில் இவை எதுவும் தெரியாது, ஏனென்றால் பாக்டீரியா செத்தாலும் புழு உடனே நிற்காது. வொல்பாக்கியா தொற்றிய கொசு செல் வரிசையில் தனிச் சோதனை வைக்க வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் இருக்கிறவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். இதைச் செய்யாமல் காசநோய்ப் பகுதியை ‘வேலை செய்யவில்லை’ என்று ஒதுக்கிய கட்டுரைகளைப் படிக்கும்போது மனசு கேட்பதில்லை.

முடிவுகளை எப்படி வாசிப்பது என்பதிலும் புழு உலகம் வேறு. குஞ்சுகளைச் சடசடவென்று கொல்கிற மூலக்கூறு பட்டியலில் முதலிடம் பிடிக்கும். நமக்கு அது வேண்டாம். குஞ்சுகளைத் தீர்க்க ஐவர்மெக்டின் இருக்கிறது. மெர்க் நிறுவனம் 1987 முதல் அதை ஆற்றுக் குருட்டு நோய்க்கு இலவசமாகக் கொடுத்துவருகிறது. 2018இல் மாக்சிடெக்டினும் அமெரிக்க அனுமதி பெற்றுவிட்டது. இவை முதிர்ந்த புழுவைக் கொல்வதில்லை. ஆற்றுக் குருட்டு நோயின் பெண் புழு 10 முதல் 15 ஆண்டு வாழும், அதுவரை ஆண்டுதோறும் மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு மத்திய ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்ற இன்னொரு புழு இருக்கிறது. அதன் குஞ்சுகள் ரத்தத்தில் மிக அதிகமாக உள்ளவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் ஒரேயடியாக எல்லாம் செத்து, மூளை பாதித்து, கோமாவுக்கும் மரணத்துக்கும் போகலாம். ஆகவே தேடுவது, பெரிய புழுவைக் கொல்கிற, குஞ்சுகளை அவசரப்பட்டுத் தொடாத மூலக்கூறு. குஞ்சுகளில் ஒன்றும் செய்யாதவை என்று தள்ளிய குழிகளில் அது இருக்கலாம். எங்கள் இரண்டாம் படிக்கு, குஞ்சுகளைக் கொன்றவற்றோடு, குஞ்சுகளை விட்டுவைத்த மூலக்கூறுகளிலும் வேதியியல் அமைப்பு பார்த்துச் சிலவற்றை எடுத்துக்கொண்டோம். பெட்டியின் சிறிய அளவு இங்கேதான் மிகவும் உறுத்தியது. மேற்கொண்டு சேர்மம் கிடைப்பது கையிருப்பைப் பொறுத்தது.

ஒட்டுண்ணியே இல்லாத ஆய்வுக்கூடங்கள், எளிதில் வளர்க்கக்கூடிய, ஒட்டுண்ணியல்லாத சி. எலிகன்ஸ் புழுவில் தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். தொடங்கலாம். ஆனால் அதன் மேல்தோல் எளிதில் எதையும் உள்ளே விடாது. அதில் வேலை செய்தால் மகிழ்ச்சி, செய்யாவிட்டால் அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

தரவைப் பொதுவில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். காப்புரிமை போய்விடும் என்ற பயம். எனக்கு இதுதான் பெட்டியின் உயிர் என்று தோன்றுகிறது. ஒரே 400ஐ எத்தனையோ ஒட்டுண்ணிகளில், எத்தனையோ கைகள் சோதித்திருக்கின்றன. எங்கள் பட்டியலில் ஒரு மூலக்கூறு மேலே வந்ததும், அது வேறு புழுவில் என்ன செய்தது, பாலூட்டி செல்லில் என்ன செய்தது என்று உட்கார்ந்த இடத்தில் பார்க்க முடிந்தது. ‘ஒன்றும் செய்யவில்லை’ என்ற முடிவும் இங்கே பயன்படுகிறது. தயவுசெய்து அவற்றையும் பதிவேற்றுங்கள்.

எதிர்பார்ப்பை எங்கே வைப்பது? துப்பு கிடைத்த நாளிலிருந்து மாத்திரை வரை உள்ள பாதையைப் பெட்டி சுருக்காது. தூக்க நோய்க்கான ஃபெக்சினிடசோல் 1980களில் கைவிடப்பட்ட மூலக்கூறு. புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து உருவாக்கும் டிஎன்டிஐ அமைப்பு 2005இல் அதை மறுபடி கண்டெடுத்தது. ஐரோப்பிய மருந்து அமைப்பின் சாதகமான கருத்து 2018இல்தான் வந்தது. பத்து நாள் மாத்திரை, ஊசி இல்லை, ஆர்சனிக் இல்லை. ஏற்கெனவே இருந்த மூலக்கூறுக்கே இவ்வளவு காலம். குழியில் புழு நின்றுவிட்டது என்பதற்கும் மருந்துக்கும் நடுவில் கரைதிறன், ரத்தத்தில் தங்கும் நேரம், விலங்குச் சோதனை, நச்சுச் சோதனை, தயாரிப்புச் செலவு எல்லாம் இருக்கின்றன. மருத்துவ வேதியியல் தெரிந்த ஒரு கூட்டாளியைப் பெட்டி வருவதற்கு முன்பே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசையில் பிறகு வந்தவற்றில், 2019இன் பேன்டமிக் ரெஸ்பான்ஸ் பாக்ஸ் பெரும்பாலும் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சைக்கானது. புழுக்காரர்கள் பார்க்க வேண்டியது 2022இல் வந்த குளோபல் ஹெல்த் பிரையாரிட்டி பாக்ஸ். அதிலுள்ள 240இல் மூன்றில் ஒரு பங்கு கொசு போன்ற நோய் பரப்பிகளைக் கட்டுப்படுத்தும் நோக்கில் தேர்ந்தெடுத்தவை. பூச்சியின் நரம்பையும் ஆற்றல் உற்பத்தியையும் தாக்குவது பல நேரம் உருளைப்புழுவையும் தாக்கும். டோல்ஃபென்பிராட் சொன்னது அதைத்தானே.

விண்ணப்பிக்கும் முன் எந்தப் பெட்டி கையிருப்பில் உள்ளது என்று எம்எம்வி தளத்தில் பாருங்கள். எந்த ஒட்டுண்ணி, அதன் எந்தப் பருவம், என்ன அளவீடு, துப்பு கிடைத்தால் அடுத்து யார் என்ன செய்வார்கள் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த பொட்டலம் சுங்கத்தில் நிற்காமலிருக்க, அது புறப்படும் முன்பே இறக்குமதி அனுமதிக் கடிதத்தை வாங்குங்கள். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் ஐந்து பிளேட்டுக்கும் அவற்றின் நகல்களுக்கும் இடம் ஒதுக்கி வையுங்கள்.